பத்தில் ஒரு கிரெய்ன்

லூயிஸ்டவுன், மான்டானா
மார்ச் 9, 1986

அன்புள்ள நோரீனுக்கு,

நீயும் லைலும் புது வீட்டில் சௌக்கியமாகக் குடியேறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு இடது தோள்பட்டை வலியைத் தவிர வேறு குறையில்லை. பனியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அதுவும் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இன்னும் நீ செய்த கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாக இருந்தது.

தோட்டா நிரப்புகிற மிஷினை லைல் கழற்றி வண்டியில் ஏற்றியபிறகு நிலவறை மேஜையில் நான்கு போல்ட் ஓட்டைகள்தான் மிச்சம். அவற்றின் மேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கி வைத்துவிட்டேன். அவன் கேட்டான், கொடுத்தேன். தம்பி கேட்டு நான் எதை இல்லை என்று சொல்லியிருக்கிறேன்?

உனக்குத் தெரியுமோ என்னவோ, ஒன்பது வருஷமாக அவன் போட்டிகளில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவும் நான் நிரப்பியது. சுட்டு முடித்த வெற்றுக்கூடுகளை வாளியில் கொண்டுவந்து வைப்பான். "அக்கா, சனிக்கிழமைக்கு முந்நூறு வேணும்" என்பான். அவ்வளவுதான் பேச்சு. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும். அதை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் வெடிமருந்து ஒரே அளவு விழ வேண்டும். அதைக் கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள், ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்ன். பத்தில் ஒரு கிரெய்ன் கூடினாலோ குறைந்தாலோ பரவாயில்லை. அதற்கு மேல் ஆடினால் ஒரு குண்டு மேலே போகும், ஒன்று கீழே போகும், சுடுகிறவன் தன் கையைத் திட்டிக்கொள்வான். நான் நிரப்பியதில் அவன் இரண்டு மாநிலக் கோப்பையும் பரிசாக ஏழு வான்கோழியும் ஜெயித்திருக்கிறான். வான்கோழிகளைச் சமைத்ததும் நான்தான்.

இனி அவனே நிரப்பிக்கொள்வான் போலிருக்கிறது. நீ அந்தப் பக்கம் போக வேண்டாம். நகத்தில் ஈயக் கறை ஏறினால் லேசில் போகாது.

லைலை நான் விசாரித்ததாகச் சொல். சாக்ஸ் மாற்றச் சொல். சொன்னால்தான் மாற்றுவான்.

இப்படிக்கு,
வெர்னா


ஜில்லெட், வயோமிங்
மார்ச் 22, 1986

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தோள்பட்டை இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீர்ப் பையை வைத்துப் பாருங்கள். இங்கே இருவரும் நலம். காற்றுதான் தாங்கவில்லை. இந்த டிரெய்லர் வீட்டைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஏன் என்று வந்த மூன்றாம் நாளே புரிந்தது.

கேக்கில் இனிப்பு தூக்கல் என்பது எனக்கும் தெரியும். லைலுக்கு அப்படித்தான் பிடிக்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டா நிரப்புவது நான்தான். லைலுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை, வந்தால் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார். ஜூலைக் கடைசியில் இந்த மாநிலத்துப் போட்டி. இங்கே அவரை யாருக்கும் தெரியாது. அதில் ஜெயித்தால்தான் கிளப்பில் மதிப்பு என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். "நான் பண்றேன், சொல்லிக் குடு" என்றேன். எந்த நெம்புகோல் எதற்கு என்று காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மிஷின் எனக்குப் பிடித்துவிட்டது அண்ணி. கைப்பிடியை இழுத்து, கூடுகள் நிற்கிற வட்டத் தட்டை விரலால் ஒரு இடம் தள்ளி, கூட்டையும் குண்டையும் வைத்து, மறுபடி இழுத்து... பாட்டுக்குத் தாளம் போடுவது போல இருக்கிறது. ஆனால் மருந்து ஒரே அளவில் விழ மாட்டேன் என்கிறது. ஒன்றில் சரியாக இருக்கிறது, அடுத்ததில் பத்தில் மூன்று கூடுகிறது, அதற்கடுத்ததில் பத்தில் இரண்டு குறைகிறது. லைல் நேற்று தராசை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா போட்டா இப்படி ஆடாதே" என்றார். "அப்ப அக்கா வீட்டுலயே இருந்திருக்கலாமே, யாரு வேணாம்னா?" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நான் என்ன தப்புச் செய்கிறேன்?

அன்புடன்,
நோரீன்


லூயிஸ்டவுன்
மார்ச் 30, 1986

அன்புள்ள நோரீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததில் சந்தோஷம். தோள்பட்டை அப்படியேதான் இருக்கிறது. வெந்நீர்ப் பை இங்கேயும் விற்கிறது.

லைல் அப்படியா சொன்னான்? அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர ஒன்பது வருஷமும் முந்நூற்றறுபது மைலும் ஆகியிருக்கிறது. சந்தோஷம்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் அளந்து போட்டுப் பழகியவள் நீ. அங்கே ஒரு கரண்டி கூடினால் பிள்ளை சந்தோஷப்படும். இது அப்படியில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மிஷினின் தலையில் இருக்கிற குழாயில் மருந்து பாதிக்குக் கீழே இறங்க விடாதே. தொடங்கும்போது முதல் பத்து அளவைத் திரும்பக் குழாயிலேயே கொட்டிவிடு. மருந்து அதற்குள் அமர்ந்துகொள்ளும். துணி உலர்த்தியில் போடுகிற அந்த மணக்கிற காகிதத்தால் குழாயின் உட்பக்கத்தைத் துடை, மருந்து சுவரில் ஒட்டாது. கைப்பிடியை ஒரே வேகத்தில் இழு, மேலே ஒரு நொடி நிறுத்து, ஒரே வேகத்தில் விடு. நடுவில் பேசாதே, பாடாதே, காபி குடிக்காதே.

மீதி எல்லாம் கை வாகு. அதைக் கடிதத்தில் எழுத முடியாது. சிலருக்கு வரும், சிலருக்கு வராது.

ஞாயிறு தேவாலயத்தில் லைலைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். உன்னைப் பற்றியும் ஓரிருவர் கேட்டார்கள்.

வெர்னா


ஜில்லெட்
ஏப்ரல் 19, 1986

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? இங்கே எனக்கு ஒரு வாரம் ஜலதோஷம், இப்போது தேவலை. லைலுக்கு வரவில்லை. அவருக்கு எதுவும் ஒட்டாது.

நீங்கள் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தேன். பாடுவதைக்கூட நிறுத்திவிட்டேன். கொஞ்சம் மட்டுப்பட்டது, ஆனால் போதவில்லை. குழாய் நிறைய இருக்கும்போது ஒரு அளவு, மருந்து நாலு விரல் இறங்கியதும் வேறு அளவு. நீங்கள் சொன்ன பாதி வரைக்கும் போவதற்குள்ளேயே மாறிவிடுகிறது.

போன சனிக்கிழமை கிளப் போட்டி. லைல் நான்காவதாக வந்தார். தீவனக் கடைக்காரர் ஒருவர் ஜெயித்தார், கண்ணாடி போட்ட மனுஷர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லைல் தன் கையைத் திட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், "உன் மேல தப்பில்ல. அக்காவுக்கு அது ஒரு மாதிரி கை" என்றார். என் மேல் தப்பு என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உப்புக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்குவது உங்கள் பெயர்தான், தெரியுமா?

இன்னொன்று. குழாயைக் கழற்றித் துடைக்கும்போது பார்த்தேன். உள்ளே அடிப்பக்கம் ஒட்டிச் சுற்றிலும் கோடு போல ஒரு தேய்மானம் இருக்கிறது. ஏதோ ஒன்று அங்கே வெகுநாள் உட்கார்ந்திருந்த மாதிரி. உள்ளே ஏதாவது இருந்ததா அண்ணி?

உங்கள் பதிலை எதிர்பார்த்திருப்பேன்.

நோரீன்


லூயிஸ்டவுன்
மே 25, 1986

அன்புள்ள லைலுக்கு,

எப்படி இருக்கிறாய்? இருமல் இருக்கிறதா? நிலக்கரித் தூசி உனக்கு ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை. பள்ளி அடுத்த வாரம் மூடுகிறது, பிறகு மூன்று மாதம் கைகளுக்கு வேலை இல்லை.

நோரீனின் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுத நேரமில்லை. பேருந்தில் ஒரு பையன் வாந்தி எடுத்தான், பிறகு ஆலங்கட்டி மழையில் கூரை போனது, அப்படியே நாள் ஓடிவிட்டது. அவளிடம் சொல், அந்தக் குழாய் பழசு, கழுவிக் கழுவித் தேய்ந்த கோடு அது.

நீ நான்காவதாக வந்தாயாமே. எனக்குத் தூக்கம் வரவில்லை. நோரீன் நல்ல பெண், முயற்சி செய்கிறாள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாநிலப் போட்டி விளையாட்டில்லை. கூடுகளை ஒரு பெட்டியில் போட்டுப் பேருந்துச் சரக்கில் எனக்கு அனுப்பிவிடு. பழைய கையளவையை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்து நிரப்பித் தருகிறேன். ஜூலைக்குள் அறுநூறு தயாராகிவிடும். அவளுக்கும் சுமை குறையும்.

அக்கா கூப்பிடுகிற தூரத்தில்தான் இருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே.

வெர்னா


ஜில்லெட்
ஜூன் 4, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் இல்லை. உன் கூரையைச் சரிசெய்தாயா?

சரி, நீயே நிரப்பிக் கொடு. அறுநூறு கூடும் குண்டும் பேருந்தில் வருகின்றன. மாநிலப் போட்டிக்கு மட்டும்தான் இது. பழகுவதற்கு நோரீன் நிரப்புவதையே வாரம் இருநூறு சுட்டுக்கொள்கிறேன்.

அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். அந்த "சரி"யை நீ கேட்டிருக்க வேண்டும். அப்புறம் மூன்று நாளாக எனக்கு உருளைக்கிழங்கு மட்டும்தான்.

லைல்


ஜில்லெட்
ஜூன் 8, 1986

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள். நானும் அப்படியே.

ஜெயித்துவிட்டீர்கள். என் கடிதத்துக்குப் பதிலை அவருக்கு எழுதினீர்கள், அதையும் படித்தேன்.

ஆனால் பழகுவதற்கான தோட்டாவை நான்தான் நிரப்புகிறேன், அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி நிரப்பிக் காட்டப்போகிறேன். இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒவ்வொரு ஐந்தாவது கூட்டையும், மருந்து விழுந்ததும் மிஷினிலிருந்து வெளியே எடுக்கிறேன். தராசில் கொட்டி நிறுக்கிறேன். அளவு சரியாக இருந்தால் மருந்தைத் திரும்பக் கூட்டுக்குள் கொட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே தொடர்கிறேன். தப்பாக இருந்தால் மருந்தளவைக் கூட்டிக் குறைக்கிற திருகை ஒரு மயிரிழை திருப்புகிறேன். நேரம் இரண்டு மடங்காகிறது. பரவாயில்லை. தராசு, கூடு, கைப்பிடி என்று மாறி மாறிப் பார்ப்பதில் சில சமயம் எங்கே விட்டேன் என்றே மறந்துபோகிறது, ஆனால் கை தானாகச் செய்துவிடுகிறது. கை வாகு என்றீர்களே, அது எனக்கும் வருகிறது.

நானூறுக்கு மேல் தயாராக இருக்கிறது. அடுத்த ஞாயிறு லைல் சுடத் தொடங்குவார்.

நோரீன்


லூயிஸ்டவுன்
ஜூன் 12, 1986

அன்புள்ள நோரீனுக்கு,

உன் உடம்பையும் அவன் உடம்பையும் இன்றைக்கு நான் விசாரிப்பது வழக்கத்துக்காக இல்லை.

மதியம் தொலைபேசியில் நான் சொன்னது ஒரே வாக்கியம். "என் லெட்டர் வர்ற வரைக்கும் அந்தத் தோட்டால ஒண்ணுகூட அவனைச் சுட விடாதே." நீ "ஏன்?" என்றாய். நான் வைத்துவிட்டேன். உன் குரல் காதில் இருக்கும்போது என்னால் சொல்ல முடியவில்லை. காகிதத்தில் சொல்கிறேன்.

எடுத்த கூட்டை எடுத்த இடத்திலேயே வைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடம் மருந்து விழுகிற இடம். தட்டைத் தள்ள மறந்து கைப்பிடியை இழுத்தால், ஏற்கெனவே மருந்துள்ள அதே கூட்டில் இன்னொரு முறையும் விழும். நம் தோட்டாவுக்கு மருந்து கொஞ்சம்தான், கூட்டின் அடியில் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. குண்டு மேலே உட்கார்ந்து மூடிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். ரிவால்வரின் சிலிண்டர் பிளந்துகொண்டு போகும், அது கண்ணிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கும். அப்படி ஆன ஒருவரை எனக்குத் தெரியும். இப்போது காபிக் கோப்பையை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார்.

தோட்டாக்களை முழுதாக நிறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதே. கூட்டுக்குக் கூடு இருக்கிற எடை வித்தியாசமே மருந்தை விட அதிகம். ஒவ்வொன்றாகக் குண்டைப் பிடுங்கித்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்.

இரண்டாவது விஷயம். நீ ஏன் நிறுக்க வேண்டி வந்தது என்பது. குழாய்க்குள் ஒரு தகடு இருந்தது. தகரத்தைக் கூரை போல மடக்கி, ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, நானே செய்தது. மேலே எவ்வளவு மருந்து இருந்தாலும் அதன் பாரத்தை அந்தத் தகடு தாங்கிக்கொள்ளும், கீழே எப்போதும் ஒரே அளவுதான் இறங்கும். கை வாகு என்பதெல்லாம் வெறும் பேச்சு. அந்தத் தகடுதான் என் கை வாகு. லைல் மிஷினைக் கழற்ற வருவதற்கு முந்தின நாள் அதை வெளியே எடுத்து, பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டேன். லைலுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நீ ஏப்ரலில் கேட்டபோது ஐந்து வாரம் யோசித்துவிட்டுப் பொய் எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நீ நன்றாகச் சமைக்கிறாய், சிரிக்கிறாய், அவன் உன்னைப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று கல்யாணத்தன்றே பார்த்தேன். எல்லாம் உன்னுடையதாக ஆனபிறகு ஒரே ஒரு விஷயத்திலாவது "அக்கா இருந்திருந்தால்" என்று அவன் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். சொன்னான். நீ அதை எனக்கு எழுதியும் அனுப்பினாய். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

தகட்டை இதோடு வைத்திருக்கிறேன். லைலிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொல்லாதே என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வெர்னா


ஜில்லெட்
ஜூன் 20, 1986

அன்புள்ள அண்ணிக்கு,

லைல் நலமாக இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை அஞ்சல் பெட்டியின் பக்கத்திலேயே நின்று படித்தேன். லைலிடம், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு சரியில்லை, திரும்பப் பிரிக்க வேண்டும் என்று சொன்னேன். குண்டு பிடுங்குகிற சுத்தியல் ஒன்று வாங்கிவந்து, வாசலில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். நான்கு சாயங்காலம். நானூற்றுப் பன்னிரண்டு தோட்டா. "பேசாம மொத்தமா பள்ளத்துல கொட்டிடேன், இதுக்குப் போய் உக்காந்து தட்டிட்டு இருக்கியே" என்றார் லைல். தட்டிக்கொண்டே இருந்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை, உங்கள் மேல் கோபம்கூட வந்தது, வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று. மூன்றாம் நாள், இருநூற்று அறுபத்துமூன்றாவது. கொட்டும்போதே தெரிந்துவிட்டது. தராசில் வைத்தேன். சரியாக இரண்டு மடங்கு.

அதற்குப் பிறகு மீதியையும் ஒன்று விடாமல் தட்டிப் பார்த்தேன். வேறு எதிலும் இல்லை. அந்த ஒன்றுதான்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னபிறகு சொல்வது சுலபம், அதனால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஏப்ரலில் உங்களுக்கு எழுதினேனே, "உள்ளே ஏதாவது இருந்ததா அண்ணி" என்று. அப்போதே எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்னால், போட்டிக்கும் முன்பே, துப்பாக்கிக் கடையில் மருந்து வாங்கும்போது குழாயை எடுத்துப்போய்க் காட்டினேன். கடைக்காரம்மா பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு தகடு இருந்திருக்குமே. யாரு கழட்டுனா? அது இல்லாம எப்படிம்மா ஓட்டுறே? இரு, உள்ள தகரம் கெடக்கு, ரெண்டு நிமிஷத்துல வெட்டித் தரேன்" என்றாள். நான், "வேண்டாம், அது வர வேண்டிய எடத்துலேருந்து வரும்" என்றேன். அவள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள்.

இரண்டு நிமிஷ வேலை அண்ணி. ஏப்ரலிலேயே சரியாகியிருக்கும். நிறுக்கவே வேண்டியிருந்திருக்காது. ஆனால் எனக்கு அளவு சரியாவது முக்கியமாக இல்லை. நீங்கள் கழற்றினீர்கள் என்று உங்கள் வாயாலேயே வர வேண்டும், லைல் அதைக் கேட்க வேண்டும், அதற்கப்புறம் இந்த வீட்டில் சாப்பிடும்போது உங்கள் பெயர் வரக்கூடாது. அதற்காகக் காத்திருந்தேன். அவர் நான்காவதாக வந்தபோதுகூட உள்ளுக்குள் ஒரு மூலையில், இன்னும் இரண்டு தடவை தோற்கட்டும், அப்போது எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தது.

நீங்கள் எடுத்தீர்கள், நான் வைக்காமல் விட்டேன். அந்த ஒரு தோட்டாவை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிரப்பியிருக்கிறோம்.

லைலிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்ததாகும். நீங்கள் சொன்னால் நான் நல்லவளாகிவிடுவேன். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் உங்கள் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்து அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைக்கப்போகிறேன். சுரங்கத்தில் இடைவேளையில் படிக்கட்டும். படித்ததும் இதை உங்களுக்கு அவரே தபாலில் போடட்டும். இது உங்கள் கைக்கு வந்தால் அவர் படித்துவிட்டார் என்று அர்த்தம்.

தோள்பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோரீன்


ஜில்லெட்
ஜூலை 29, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பத்து விரலும் இருக்கின்றன, இரண்டு கண்ணும் தெரிகின்றன. நோரீனும் நலம். நீ மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டாய் என்று சொன்னாள். நான்தான் எடுக்க வேண்டாம் என்றேன்.

உன் கடிதத்தையும் அவள் கடிதத்தையும் சுரங்கத்தில், வண்டிச் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து படித்தேன். சாண்ட்விச்சைச் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோரீனிடம் ஒன்றுதான் கேட்டேன். "நாலாவதா வந்த அன்னைக்கு, திரும்பி வர்ற வழியில, நான் என் கையைத் திட்டிட்டு வந்தேனே. அப்பவும் உனக்குத் தெரியுமா?" அவள், "தெரியும்" என்றாள்.

ஒரு மாதம் உன் மேலேயும் அவள் மேலேயும் கோபமாக இருந்தேன். யார் மேல் அதிகம் என்று கேட்காதே. நீங்கள் இரண்டு பேரும் அதற்கும் போட்டி போடுவீர்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. நீங்கள் இரண்டு பேரும் என்னை ஜெயிக்கப் பார்த்தீர்கள், அந்தத் துப்பாக்கியை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறவன் நான் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. ஆனால் எனக்கும் இருக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது ஒரு கூட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேனா? முந்நூறு வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவேன். இங்கேயும் அதேதான். என் தோட்டாவை யார் நிரப்புவது என்று நீங்கள் அடித்துக்கொள்ளும்படி நான்தான் விட்டிருக்கிறேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மாநிலப் போட்டிக்கு நானே நிரப்பிக்கொண்டேன். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேரில் பதினோராவதாக வந்தேன். தீவனக் கடைக்காரர் மறுபடி ஜெயித்தார்.

உன்னிடம் இருக்கிற அறுநூறு கூடுகளையும் குண்டுகளையும் அப்படியே அனுப்பிவிடு, நிரப்பியிருந்தால் நிரப்பியவற்றை நீயே வைத்துக்கொள். இனிமேல் என் தோட்டாவை நானே நிரப்பிக்கொள்கிறேன். நோரீனுக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். அவளும் உன்னைப் போலவே அழவில்லை, வெளியே போய் வண்டியைக் கழுவினாள்.

நவம்பரில் நன்றிசொல்லும் பண்டிகை விருந்துக்கு வரும்போது உன் கூரையைப் பார்க்கிறேன். இருவருமாக வருகிறோம்.

லைல்


லூயிஸ்டவுன்
ஆகஸ்ட் 3, 1986

அன்புள்ள லைலுக்கு,

உன் கடிதம் வந்தது. பத்து விரல் என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் நலம்.

கூடுகளையும் குண்டுகளையும் இன்று காலைப் பேருந்தில் போட்டுவிட்டேன். நூற்றிருபது நிரப்பியிருந்தேன். அவற்றைப் பிரித்துவிட்டேன். அவை சரியாகத்தான் இருந்தன, ஆனாலும் பிரித்தேன்.

பதினோராவது என்றால் உனக்கு அளவு இன்னும் ஆடுகிறது. எவ்வளவு ஆடுகிறது என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கமாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. நோரீன் நிரப்பினால் வயிறு எரிந்தது. நீயே நிரப்பினாலும் எரிகிறது. இப்படி ஒரு ஜன்மம்.

தகடு குழாயில் இருக்கட்டும், அதன் முனை உன் பக்கம் பார்க்கும்படி வை. மறுபடி மறுபடி கழற்றாதே. அதன் ஓட்டைகளை நான் இரண்டு முறை பெரிதாக்கினேன், முதலில் செய்த அளவு சிறிதாகிவிட்டது. உன் டிரெய்லர் காற்றில் ஆடுகிறது என்று நோரீன் எழுதியிருந்தாள். அந்த ஆட்டத்தில் மருந்து இறுகிப்போகும், பெரிய காற்றடிக்கிற நாளில் நிரப்பாதே. மேஜையைச் சுவரோடு சேர்த்து முடுக்கு. நீ பாதியில் எழுந்து போனால் திரும்பி வந்ததும் தட்டில் இருக்கிற எல்லாக் கூட்டையும் எடுத்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கு, எங்கே விட்டாய் என்று நினைவிருந்தாலும் சரி. மிச்ச மருந்தைக் குழாயிலேயே விட்டு வைக்காதே, குழாய் மஞ்சளாகும், மருந்தும் கெடும். கைப்பிடி கீழே வரும்போது லேசாக ஒரு இடறல் வரும். அதை எண்ணெய் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதே, நானும் போட்டிருக்கிறேன், எண்ணெய் மருந்துக்குள் இறங்கி ஒரு போட்டி முழுக்க உனக்குப் பாழானது. மைல்ஸ் சிட்டியில், எண்பத்திரண்டில். உன் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று அன்று நான் சொன்னேனே, தப்பு என்னுடையது.

அந்த நாலாவது இடமும் அப்படித்தான். உன் கையைத் திட்டிக்கொள்ளாதே. உன் கை நன்றாகத்தான் இருக்கிறது.

இதை நோரீனுக்கும் படித்துக் காட்டு. அவளுக்கும் தெரிந்திருக்கட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இந்த முறை ஒன்றையும் விடவில்லை.

அக்கா